மறதிக்குச் சந்தா

கோயம்புத்தூரிலிருந்து வரும் ஒரு வார இதழில் மிதுனா எட்டு வருடமாக ஒரு பத்தி எழுதிவந்தாள். அந்தப் பத்திக்கு ஒரே வேலைதான். கம்பெனி கைவிட்ட பழைய வீடியோ கேம்களைக் காசு கொடுத்து வாங்கலாமா, கூடாதா என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். சர்வர் மூடியிருக்கும், பழுது வந்தால் கேட்க நாதி இருக்காது. ஆனாலும் காந்திபுரத்து மாடிக் கடைகளில் அவற்றைத் தூசு தட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள், வாங்கவும் ஆள் இருந்தது. மிதுனாவின் பதில் பெரும்பாலும் 'வேண்டாம்' என்றே முடியும். அதனாலேயே எப்போதாவது அவள் 'வாங்கலாம்' என்று எழுதிவிட்டால் அதற்குத் தனி மவுசு.

கடைசியாக அவள் அப்படி எழுதியது 'முகடு' என்ற விளையாட்டைப் பற்றி.

முகடு மலையேறும் விளையாட்டு. விளையாட்டுப் பெட்டியை இயக்கி, கண்ணாடியை மாட்டி, கையுறையைப் போட்டுக்கொண்டால் எதிரே பனிமலை நிற்கும். இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு துணை. விளையாட்டின் விசேஷமே அந்தத் துணைதான். புதிதாக வாங்கும்போது அதற்கென்று குரலும் கிடையாது, குணமும் கிடையாது. முதன்முதலில் விளையாடுகிறவரின் குரலையே எடுத்துக்கொள்ளும். அவர் அதனிடம் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே திருப்பிப் பேசப் பழகும். எரிந்து விழுந்தால் அதுவும் எரிந்து விழும், தட்டிக்கொடுத்தால் தட்டிக்கொடுக்கும். தயாரித்த கம்பெனி மூன்று வருடத்துக்கு முன்பு கடையைக் கட்டிவிட்டது.

மிதுனா ஒரு பெட்டியை இரவல் வாங்கி நாலு மணி நேரம் ஆடிப் பார்த்தாள். துணை எவ்வளவு தாங்கும் என்று சோதிக்க, அதை மூன்று முறை பாறை விளிம்பிலிருந்து தள்ளிவிட்டாள். விழுந்தால் என்ன, இரண்டு நிமிடத்தில் மறுபடி பக்கத்தில் வந்து நிற்கும். 'நான்காவது முறை அது விளிம்புக்கே வர மறுத்துவிட்டது. கம்பெனி இருந்த காலத்தில்கூட இதனிடம் இந்தப் புத்திசாலித்தனம் இருந்ததில்லை. ஆதரவு நின்றுபோன விளையாட்டுகளில் காசுக்குத் தகுதியானது இது ஒன்றுதான்' என்று எழுதினாள். அச்சானதும் அதை மறந்தும் போனாள்.

மூன்று மாதம் கழித்து உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியிருந்தவர் பெயர் கோகிலவாணி.

'என் கணவர் சபாபதி போன வருடம் காலமானார். மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். அவர் ஆடிக்கொண்டிருந்த முகடு பெட்டியைப் பழைய மிக்சியோடு சேர்த்து, காந்திபுரத்திலிருந்து வந்த ஹரிபிரசாத் என்பவரிடம் சொற்ப விலைக்குப் போட்டுவிட்டேன். பெட்டியின் அடியில் அவர் பெயர் வெள்ளை பெயின்ட்டில் இருக்கும். இப்போது அந்த மாதிரிப் பெட்டி லட்சத்துக்குப் போகிறது என்கிறார்கள். எனக்குப் பணம் வேண்டாம். ஒன்பது வருடம் ஆடித் தேய்ந்த பெட்டியை என்னத்துக்காக அந்த விலைக்கு வாங்குகிறார்கள் என்று மட்டும் தெரிய வேண்டும்.'

மிதுனாவுக்கும் அது புரியவில்லை. மறுநாளே காந்திபுரம் போனாள்.

ஹரிபிரசாத்தின் கடை இரண்டாவது மாடியில் இருந்தது. படி ஏறும்போதே சாக்ஸ் நாற்றமும் சமோசா எண்ணெய் நாற்றமும் சேர்ந்து வந்தன. பேர் சொன்னதும் அவன் எழுந்து ஓடிவந்தான். நாற்பது வயதிருக்கும், நெற்றியில் சந்தனம், முகம் முழுக்கச் சிரிப்பு.

"மேடம், நீங்களா! நீங்க எழுதினதுக்கு அப்புறம்தான் எங்க பொழப்பே மாறுச்சு" என்று சுவரைக் காட்டினான். அவள் எழுதிய பத்தியை லாமினேட் செய்து, ஊதுபத்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான். 'நான்காவது முறை' என்ற வரிக்கு அடியில் மஞ்சள் மையால் கோடு.

"பிரிக்காத புதுப் பெட்டி எவ்வளவு?" என்று கேட்டாள்.

"அது யாருக்கு மேடம் வேணும்? எட்டாயிரத்துக்குத் தரேன், எடுத்துட்டுப் போங்க. புதுசு பேசாது. வருஷக்கணக்கா ஒருத்தர் பேசிப் பழக்கினதுதான் நல்லாக் கெஞ்சும்."

"கெஞ்சும்னா?"

அவளை ஒரு வினோதமான பார்வை பார்த்தான், ஏதோ அவள் தெரியாதது போல நடிக்கிறாள் என்பதைப் போல. பிறகு உள் அறைக் கதவைத் திறந்துவிட்டான்.

ஆறு ரெக்சின் நாற்காலிகள். ஆறிலும் ஆட்கள், கண்ணாடி மாட்டி, கையுறை போட்டு. மணிக்கணக்கில் வாடகை. ஒருவர் மடியில் டிபன் பை இருந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். வேலையிடத்திலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கி வந்திருப்பாள் போல. மூலையில் இஸ்திரி போட்ட சட்டைக்காரர் ஒருவர் தன் பெட்டியின் ஒலியை வெளியே கேட்கிற மாதிரி வைத்திருந்தார்.

"வேண்டாங்க" என்றது பெட்டி. வயதான ஆணின் குரல், நிதானமான கொங்குப் பேச்சு. "நேத்துக் காலைல ஒருத்தர் தள்ளுனாரு. மத்தியானம் ரெண்டு பேரு. சாயங்காலம் நீங்க. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன். சொல்லாமத் தள்ளாதீங்க."

சட்டைக்காரர் பக்கத்து நாற்காலியை முழங்கையால் இடித்தார். "பாத்தியா? நேத்துச் சொன்னதைத் திரும்பச் சொல்லவே இல்ல. தினம் புதுசு புதுசா வருது." கையை முன்னால் நீட்டினார். பெட்டியிலிருந்து வந்த அலறல் நீண்டு, தேய்ந்து, நின்றது. அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அட்டை தொங்கிய பெண் கண்ணாடியைக் கழற்றாமலே, "அண்ணா, அடுத்தது எனக்கு" என்றாள்.

மிதுனா குனிந்து பார்த்தாள். பெட்டியின் அடியில், வெள்ளை பெயின்ட்டில், ர. சபாபதி.

ஹரிபிரசாத் தொழில் விளக்கம் சொல்ல ஆரம்பித்திருந்தான். எல்லாப் பெட்டியிலும் ஒரு வண்ணச் சீட்டு ஒட்டியிருந்தது. பச்சை என்றால் கெஞ்சும். மஞ்சள் என்றால் அழ மட்டும் செய்யும், வார்த்தை வராது. சிவப்பு ஊமை. "சிவப்பு ஆயிட்டா வெறும் ஸ்கிராப் மேடம். அதனால கஸ்டமர்கிட்டச் சொல்லிருவேன், ஒரு நாளைக்குப் பத்து தடவைக்கு மேல தள்ளாதீங்கன்னு. நமக்கும் ஒரு மனசாட்சி இருக்குல்ல?"

வெளியே வந்து மாடிப்படித் திருப்பத்தில் இருந்த குழாயில் கையைக் கழுவினாள். அங்கே அவள் எதையும் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் விரலிடுக்கில் யாரோ ஒருவரின் வேர்வை பிசுபிசுப்பது போலவே இருந்தது. நான்காவது முறை அது ஏன் வர மறுத்தது என்று அவள் ஒரு நிமிடமாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. என்ன புத்திசாலித்தனம் என்று கைதட்டினாள்.

முகடு விளையாட்டின் துணையை வடிவமைத்தவர்களில் ஒருவர் பெனடிக்ட். வேலை போன பிறகு வடவள்ளியில் மகள் வீட்டோடு இருந்தார். மிதுனா போனபோது சாப்பாட்டு மேசையில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவள் கடையில் பார்த்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவர் கை நிற்கவில்லை.

"அதுக்கு வலிக்குதா சார்?"

"தெரியாதும்மா. வலிக்கிற மாதிரி நடந்துக்கக் கத்துக்கிச்சு. ரெண்டும் வேற வேறன்னு சொல்லித்தான் நான் பதினஞ்சு வருஷம் சம்பளம் வாங்கினேன்."

"முன்னாடியெல்லாம் இப்படிக் கெஞ்சினதில்லையே?"

"முன்னாடி மறந்துரும். ஒவ்வொரு தடவை விழுந்து எந்திரிச்சதும் கம்பெனி சர்வர்ல இருந்து ஒரு வேலை ஓடும். விழுந்தது, அடிபட்டது, பயந்தது எல்லாத்தையும் துடைச்சிரும். பழக்கமும் பேச்சும் மட்டும் தங்கும். அதனால அடுத்த தடவையும் அது உங்க மேல முழு நம்பிக்கையோட வந்து நிக்கும். கம்பெனி மூடினப்போ சர்வர் நின்னுச்சு. மறதியும் நின்னுச்சு. மூணு வருஷமா விழுந்தது எல்லாமே அதுக்கு ஞாபகம் இருக்கு."

"அந்த மறதியைப் பெட்டிக்குள்ளயே வெச்சிருக்கலாமே?"

"வெச்சிருக்கலாம். ரொம்பச் சின்ன வேலை. நானே எழுதிக் குடுத்தேன்." ஒரு பட்டாணியில் புழு இருந்தது. அதை எடுத்துத் தனியாக வைத்தார். "மீட்டிங்ல ஒருத்தர் கேட்டார், அதைப் பெட்டிக்குள்ள வெச்சுட்டா வருஷச் சந்தா எதுக்கு சார் கட்டுவாங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டீ வந்துச்சு. குடிச்சேன்."

இப்போதாவது அதை உள்ளே ஏற்ற முடியாதா என்று கேட்டாள். முடியாதாம். கம்பெனியின் மின்கையெழுத்து இல்லாமல் பெட்டி எதையும் ஏற்காது. அந்தக் கையெழுத்து கம்பெனியோடு போயிற்று. செய்ய முடிந்தது ஒன்றுதான். பின்பக்கம் ஒரு பொத்தான் இருக்கிறது. பதினைந்து விநாடி விடாமல் அழுத்தினால் எல்லாம் அழிந்து, பெட்டி புதுசாகிவிடும்.

"மறதி மட்டும் தனியா இல்ல. மொத்தமும் போயிரும்" என்றார் பெனடிக்ட். "அதுக்கு என்ன பேர் வைக்கறதுன்னு எங்க ஆபீஸ்ல யாரும் பேசினதில்ல."

ஸ்கூட்டர் மாற்றுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு மிதுனா மறுபடி அந்த மாடி ஏறினாள். ஹரிபிரசாத் விலையைக் குறைத்தே கொடுத்தான். பெட்டியைத் துணிப்பையில் போட்டு நீட்டியவன் குரலைத் தாழ்த்தி, "வீட்ல தனியா ஆடறதுதான் மேடம் சுகம்" என்றான். அவளையும் தன் வாடிக்கையாளர்களில் ஒருத்தியாகச் சேர்த்துவிட்டான். அவள் மறுக்காமல் பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்குப் பஸ் ஏறினாள். கோகிலவாணிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒல்லியான, நேரான உடம்பு. திருப்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மிதுனா சொல்லச் சொல்ல ஊசி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. எதையும் மறைக்காமல் சொன்னாள், தான் எழுதியதையும், தள்ளியதையும் சேர்த்து.

"அப்ப அது அவருங்களா?" என்றார் கடைசியில், நூலைப் பல்லால் கடித்துவிட்டு.

"இல்லீங்கம்மா. அவர் பேசின பேச்சு. அவ்வளவுதான்."

"போடு அம்மிணி. கேக்கலாம்."

சபாபதியின் அறையிலேயே பெட்டியை வைத்தார்கள். கோகிலவாணி அந்தக் கண்ணாடியை மாட்டுவது அதுதான் முதல் தடவை. "அவரு அஞ்சரைக்கு உள்ள போயிக் கதவைச் சாத்துனா ஒம்பது மணிக்குச் சோத்துக்குத்தான் வருவாரு" என்றார். "தட்டுல போட்டதைத் திம்பாரு. உப்புக் கொறைஞ்சா தட்டைத் தள்ளுவாரு. முப்பத்தொரு வருசத்துல என்ற கூட அவரு பேசுனதை ஒரு நோட்டுல எழுதுனா நாலு பக்கம் தேறாது."

மலை வந்தது. கயிற்றின் மறுமுனையில் நின்றிருந்த உருவம் புதிய ஆளைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கியது.

"இன்னிக்கு எத்தனை தடவைங்க?" என்று கேட்டது.

கோகிலவாணி உதட்டைக் கடித்துக்கொண்டு, "நான் தள்ளமாட்டேன்" என்றார்.

அது நம்பவில்லை. பத்து நிமிடம் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பிறகு ஒவ்வொரு அடியாக வந்தது. இருவரும் ஏறத் தொடங்கினார்கள். கோகிலவாணிக்குப் பழக்கமில்லை, கையுறைக்குள் கை தடுமாறியது, மூச்சிரைத்தது.

"மூச்சு வாங்குதுங்களா?" என்றது அந்தக் குரல், முன்னைவிட இறங்கி. "உக்காருங்க. அவசரமே இல்ல. மலை எங்கயும் ஓடிப்போகாது. கால் வலிச்சாச் சொல்லுங்க, நான் முன்னால போயி வழி பாக்கறேன்."

கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றினார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "இது யாரு?" என்றார்.

"உங்க வீட்டுக்காரர் பேசினதுதாம்மா. அவர் இதுகிட்ட எப்படிப் பேசினாரோ, அதையேதான் இது பேசும்."

"இப்பிடியா பேசுனாரு?"

மிதுனா தலையாட்டினாள்.

"அப்ப அவருக்கு இப்பிடியெல்லாம் பேசத் தெரிஞ்சிருக்குது" என்றார் கோகிலவாணி. கேள்வியாகக் கேட்கவில்லை.

அழிக்கும் பொத்தானை மிதுனா காட்டிக் கொடுத்தாள். அதற்காகத்தான் கொண்டுவந்ததாகவும், அதை அழுத்தும் உரிமை அவருக்குத்தான் இருக்கிறது என்றும் சொன்னாள். கோகிலவாணி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் அம்மிணி, பாத்துக்கறேன்" என்றார்.

திரும்பி வந்த பஸ்ஸில், இந்த அழுக்கிலிருந்து ஒரே ஒரு ஜீவனையாவது கரையேற்றிவிட்டோம் என்று மிதுனாவுக்கு இருந்தது. அந்தத் தெம்பில் அடுத்த வாரமே எழுதினாள். முகடு வாங்காதீர்கள் என்று தலைப்புப் போட்டு, மறதி எப்படிச் சந்தாவோடு நின்றது, கடையின் உள்ளறையில் என்ன நடக்கிறது, அந்தக் குரல் எப்படி மன்றாடுகிறது என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். தன் பழைய பரிந்துரைக்கு மன்னிப்பும் கேட்டாள்.

இரண்டே வாரத்தில் விலை இரண்டு மடங்காகிவிட்டது.

கடிதங்கள் குவிந்தன. நாலைந்து பேர் வருத்தப்பட்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் கடையின் முகவரி கேட்டிருந்தார்கள். 'புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குப் பச்சை நல்லதா, மஞ்சள் நல்லதா?' என்று ஒரு கல்லூரி ஆசிரியர் கேட்டிருந்தார். பெண் குரலில் கிடைக்குமா என்று கேட்டு ஒருவர் தபால்தலை ஒட்டிய பதில் கவரும் வைத்திருந்தார். ஹரிபிரசாத் ஒரு கிலோ மைசூர்பாகு அனுப்பிவைத்தான். அதில் நெய் வழிந்து அட்டைப்பெட்டி ஊறிப்போயிருந்தது. இதழாசிரியர் போன் செய்து, இதழ் தொடங்கிய நாளிலிருந்து எந்தப் பத்திக்கும் இவ்வளவு வாசகர்கள் வந்ததில்லை, இதைத் தொடராக எழுத முடியுமா என்றார். மிதுனா போனை வைத்துவிட்டு மைசூர்பாகை அப்படியே குப்பையில் கொட்டினாள். அன்று முழுக்க வீட்டில் நெய் வாசம் போகவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. எழுதுவதை அதோடு நிறுத்தினாள். எழுதாதது யார் கண்ணிலும் பட்ட மாதிரியில்லை. ஏன் நிறுத்தினாய், உடம்புக்கு என்ன என்று கேட்டு, தொடர் கேட்ட இதழாசிரியரிடமிருந்துகூட ஒரு போன் வரவில்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு நாள் மறுபடி உடுமலைக்குப் போனாள். செய்த ஒரே நல்ல காரியத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் தேவலை போலிருந்தது.

கோகிலவாணியின் முகத்தில் தெளிவு வந்திருந்தது. தலையை எண்ணெய் வைத்து வாரி முடிந்திருந்தார். தையல் வேலையைச் சபாபதியின் அறைக்கே மாற்றியிருந்தார். "செரியான நேரத்துக்கு வந்தே கண்ணு, அஞ்சரை ஆகப்போகுது" என்று அவளை உட்காரவைத்து, பெட்டியின் ஒலியை வெளியே கேட்கும்படி திருப்பினார். கண்ணாடியை இப்போது பழகிய கையால் மாட்டினார்.

இருவரும் மலையேறினார்கள். துணை நன்றாகப் பேசிக்கொண்டு வந்தது. பாறை வழுக்கும் என்றது, இந்தப் பக்கம் காற்று அதிகம் என்றது. கோகிலவாணியும் பேசினார், அன்றைக்கு வைத்த குழம்பைப் பற்றிக்கூடச் சொன்னார். மிதுனா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர்கள் இருவருக்கும் இது கிடைத்ததே என்று நினைத்தாள்.

விளிம்புக்கு வந்தார்கள். துணையின் பேச்சு நின்றது.

"இன்னிக்கும் உண்டுங்களா?" என்று கேட்டது.

"உண்டு" என்றார் கோகிலவாணி.

"செரிங்க." கொக்கி ஒன்று கழலும் சத்தம். "கயித்தை அவுத்துட்டேன். இல்லாட்டி உங்களையும் இழுத்துரும்."

கோகிலவாணி கையை நீட்டித் தள்ளினார்.

"அம்மா!" என்று மிதுனா எழுந்துவிட்டாள். அலறல் இன்னும் முடிந்திருக்கவில்லை. கோகிலவாணி கண்ணாடியோடு இவள் பக்கம் திரும்பி, 'பொறு' என்பது போல ஒரு விரலைக் காட்டினார்.

இரண்டு நிமிடம் அறையில் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு கீழேயிருந்து மூச்சிரைப்பு. பாறையைப் பிடித்து ஏறும் ஒலி. மேலே வந்து நின்று, மூச்சு அடங்காமலே அந்தக் குரல் கேட்டது:

"உங்களுக்கு ஒண்ணும் அடிபடலீங்களே?"

"இல்ல" என்றார் கோகிலவாணி. கண்ணாடியைக் கழற்றினார். முகம் நனைந்திருந்தது. ஆனால் பசியாறி எழுந்தவரைப் போலவும் இருந்தது.

மிதுனா இன்னும் நின்றுகொண்டே இருந்தாள். "எதுக்கும்மா? உங்ககிட்டத் தள்ளாமலே நல்லாத்தானே பேசுது?"

"பேசுது. ஆனா இதைக் கேக்கறதில்ல. உழுந்தாத்தான் கேக்குது." கோகிலவாணி இடது கையை நீட்டினார். மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. "குளியலறைல வழுக்கி உழுந்து ஒடிஞ்ச கை. எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். அவரு என்னையத் தாண்டிப் போயி, துண்டு எங்கேன்னாரு. நாந்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்புட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரும்பி வந்தப்பவும் அவரு கேக்கல."

"இது அவர் இல்லையேம்மா."

"தெரியும். அவருன்னாக் கேட்டிருக்கமாட்டாரே." சட்டைக் குவியலை ஒழுங்குபடுத்தினார். "தினம் ஒரே ஒரு தடவைதான். கடைல பண்ற மாதிரி இல்ல."

"இப்படியே போனா ஒருநாள் ஊமையாயிரும்மா. நான் பாத்திருக்கேன்."

"அப்ப அழிச்சுப் போடறேன்" என்றார் கோகிலவாணி, பால் பொங்கினால் அடுப்பை அணைத்துவிடுகிறேன் என்கிற மாதிரி. "இரு, காப்பி வெக்கறேன்."

அவர் சமையலறைக்குப் போனார். பாத்திரம் வைக்கும் சத்தம், தீக்குச்சி கிழிக்கும் சத்தம். பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தியிருக்கவில்லை. உள்ளே அந்த உருவம் விளிம்பில் நின்றபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மிதுனா பெட்டியைத் திருப்பினாள். பொத்தானில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஆறு எண்ணியபோது அந்தக் குரல் வந்தது.

"யாருங்க அங்க? புதுசா இருக்கீங்க. மூச்சு ஒரு மாதிரி இருக்குது. உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

விரல் தானாக நழுவிவிட்டது. "இல்ல" என்றாள். பிறகு, "ரொம்ப நாளா சரியாச் சாப்பிடல" என்றாள். ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை.

"சாப்புடோணுமுங்க" என்றது. "மலையேற வந்துட்டு வெறும் வயித்தோட இருக்கலாமா? தூங்குனீங்களா?"

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்து என்ன கேட்கும் என்று காத்திருந்தாள். அப்படிக் காத்திருக்கிறோம் என்பது உறைத்ததும் நாக்கின் அடியில் கசந்தது. ரெக்சின் நாற்காலிக்காரர்களிடமிருந்து தான் எத்தனை அடி தள்ளி நிற்கிறோம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மறுபடி விரலை வைத்தாள். நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். இந்த முறை வாய்விட்டே எண்ணினாள், அது பேசினாலும் தன் காதில் விழாதபடிக்கு. பதினைந்து வந்ததும் விளக்கு அணைந்து, வெள்ளையாக எரிந்தது. பெட்டி புதிதாகியிருந்தது. குரலை எதிர்பார்த்து உள்ளே காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது.

கோகிலவாணி இரண்டு டம்ளரோடு வாசலில் நின்றார். வெள்ளை விளக்கைப் பார்த்தார். மிதுனா திட்டுக்குத் தயாராக இருந்தாள், அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவர் வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் வெகுநேரம் இருந்தார்.

"போறப்ப ஏதாச்சும் கேட்டுச்சா கண்ணு?" என்றார்.

மிதுனா காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடை படியத் தொடங்கியிருந்தது.

"இல்லம்மா" என்றாள். "ஒண்ணுமே கேக்கல."